ஒற்றைப் பங்கு முதலாளி

…ஒன்பதாவது ஆள் நான், இப்போது பேசிக்கொண்டிருப்பவர் இரண்டாவது ஆள், மனிதர் முடிக்கிற வழியாகத் தெரியவில்லை, தலைவர் ஐயாவின் சட்டை நிறம் பிரமாதம் என்று ஆரம்பித்தார், போன வருடம் தபாலில் வந்த ஸ்வீட் பாக்ஸ் இந்த வருடம் ஏன் வரவில்லை என்பதில் வந்து நிற்கிறார், யா அல்லாஹ், குரலைக் கேட்டால் எழுபது வயது இருக்கும், இந்த வயதில் உங்களுக்கு ஸ்வீட் எதற்கு, சீக்கிரம் முடியுங்கள் பெரியவரே, இங்கே ஒருத்தி வரிசையில் காத்துக்கொண்டிருக்கிறாள்… போனைக் கடைத் தராசின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், தராசு அதையும் ஒரு சரக்கு என்று நினைத்து எடை காட்டுகிறது. ஒயர் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். முன்பெல்லாம் சென்னையில் ஏதாவது பெரிய ஹாலில் நடக்குமாம், இப்போது போனிலேயே நடக்கிறது, பங்கு வைத்திருக்கிற யாரும் ஒரு வாரம் முன்னால் பெயர் கொடுத்தால் இரண்டு நிமிடம் பேசலாம், தலைவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் பெயர் கொடுத்தேன். நசீம் பானு, காஞ்சிபுரம். பழைய பட்டுப்புடவை வாங்குகிற கடைக்காரி. முக்காட்டை மூன்று முறை சரி செய்துவிட்டேன், கேமராவைப் போடச் சொன்னால் பின்னால் புடவை மூட்டைகள் தெரியுமே, தெரியட்டுமே, தலைவருக்குப் பின்னால் வழவழப்பான மரப்பலகையும் பூந்தொட்டியும் தெரிகிறது, அது அவர் இடம், இது என் இடம், அவரும் முதலாளி, நானும் முதலாளி. சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. மொத்தம் ஒரு பங்கு. ஒன்றே ஒன்று. இன்று காலை விலை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

"ஒத்த ஷேர வச்சிக்கினு இன்னா பில்டப்பு குடுக்குற நசீமு" என்று கேட்டுவிட்டுத்தான் இவர் கிளம்பினார், என் வீட்டுக்காரர், ஜான் பாஷா, டிவிஎஸ் வண்டியில் மைக்கைக் கட்டிக்கொண்டு முசரவாக்கம் பக்கம் போயிருக்கிறார், பழைய பட்டுப்புடவை, கிழிந்த பட்டுப்புடவை, அந்தக் காலத்துக் கல்யாணப் புடவை வாங்குறோம் என்று அவர் குரலே பதிவாகி வண்டியில் அலறிக்கொண்டிருக்கும், அவர் பாட்டுக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சிரிக்கட்டும். சிரித்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து "நல்ல புடவையா ஒண்ணு கட்டிக்கோயேன், கேமராவுல தெரியப் போவுது" என்றாரே, அப்போது தெரிந்துவிட்டது, மனிதருக்கும் உள்ளுக்குள் பெருமைதான், வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இருபத்து நான்கு வருடமாக இதே கதை. புகழ்வது என்றால் அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

ஒற்றைப் பங்கு ஏன் என்று ஊரே கேட்டாகிவிட்டது. தொழில் புத்தி, வேறென்ன. ஒருவர் பத்துப் புடவையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறார் என்றால் பத்திலும் ஒவ்வோர் இழை உருவிப் பார்க்க வேண்டும், மேலே இருக்கிறதை மட்டும் பார்த்து எடை போட்டோம் என்றால் தொலைந்தோம், மேலே அசல் வெள்ளி ஜரிகையாக இருக்கும், அடியில் ஒன்பதும் டூப்பாக இருக்கும். உருவின இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், தெரிந்தால் அசல், வெள்ளையாகத் தெரிந்தால் வணக்கம் போய்வாங்க என்று அனுப்பிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு இதுதான். அதனால் ஷேர் மார்க்கெட்டிலும் அப்படியே செய்தேன், கம்பெனிக்கு ஓர் இழை, அதாவது ஒரு பங்கு, சோப்புக் கம்பெனியில் ஒன்று, பிஸ்கட் கம்பெனியில் ஒன்று, சிமென்ட்டில் ஒன்று, மருந்தில் இரண்டு கம்பெனி, டயரில் ஒன்று… வட்டிக் கம்பெனியும் சாராயக் கம்பெனியும் வேண்டாம் என்று ஒதுக்கினேன், நம் மார்க்கத்துக்கு ஆகாது. இப்படியே நாற்பத்தொரு கம்பெனி ஆகிவிட்டது. ஷிஃபா, என் மகள், போனில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், "அம்மி, ஒரு ஷேர் வித்தாலும் நூறு ஷேர் வித்தாலும் அதே பதினஞ்சு ரூபா சார்ஜ் புடிப்பான், எம்பத்தி ரெண்டு ரூபா ஷேர வச்சிக்கினு நீ எத்த விக்கப் போற?" என்று. விற்கவா வாங்கினேன்? உரசிப் பார்க்க வாங்கினேன். கையில் வைத்திருந்தால் தரம் தெரியும் என்று நினைத்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன், பங்கை நகத்தால் சுரண்ட முடியாது. ஆனால் அவளே அப்புறம் என்ன சொன்னாள்? ஊரில் இருக்கிற பெரிய கம்பெனி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவதற்கு இண்டெக்ஸ் ஃபண்ட் என்று பெயர் இருக்கிறதாம், நான் அதைக் கையாலேயே தைத்து வைத்திருக்கிறேனாம்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பிரியாணிக்கு அரை கிலோ கறி கூடப் போட்டேன்.

மூன்றாவது ஆள் வந்துவிட்டார், ஒரு பெண், இங்கிலீஷ், வேகமாகப் பேசுகிறாள், எக்ஸ்போர்ட் என்ற வார்த்தை மட்டும் பிடிபடுகிறது… எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது மூன்று வருடம் முன்னால்? ஷேர் என்றாலே சூதாட்டம் என்று நினைத்திருந்தவள்தானே. ஷிஃபாவின் பாலிடெக்னிக்கில் பெற்றோருக்கு என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள், சமோசா கொடுத்தார்கள், சமோசாவுக்குத்தான் உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்வதில் என்ன, வகுப்பெடுத்த மனிதர் பலகையில் ஒரு வட்டம் போட்டு ஆயிரம் துண்டாக வெட்டி, இதில் ஒரு துண்டு வாங்கினால் நீங்களும் கம்பெனிக்குக் கூட்டாளி, லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தாலும் பங்கு என்றார். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கூட்டு வியாபாரம்! அதைத்தானே எங்கள் ஆட்கள் ஆற்காட்டு நவாப் காலத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள்! ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவை முதலில் தனியாக எடுத்து வையுங்கள் என்றார், வைத்தேன். மருத்துவக் காப்பீடு எடுங்கள் என்றார், இவரிடம் சண்டை போட்டு எடுத்தேன். அடுத்த வருடம் தேவைப்படுகிற பணத்தை இங்கே கொண்டுவராதீர்கள், கடன் வாங்கி வராதீர்கள், டெலிகிராமில் எவனாவது டிப்ஸ் கொடுத்தால் போனை வைத்துவிட்டு ஓடுங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், தினம் விலையைப் பார்க்காதீர்கள், ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கம்பெனி நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எதிர்க்கடை உஸ்மான் பாய் காலையில் மார்க்கெட் விழுந்துபோச்சு என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் நான்தான் தண்ணீர் கொடுத்து இந்த வசனத்தையும் கொடுப்பேன். மாதம் இரண்டாயிரம், வட்டியும் சாராயமும் கலக்காத ஒரு ஃபண்டுக்குத் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது, அது பாட்டுக்குப் போகட்டும், பத்து வருடம் கழித்துப் பார்ப்போம். ஆனால் இந்த ஒயர் கம்பெனிப் பங்கு வேறு. இது உரசிப் பார்க்க வாங்கியதில்லை. ஷிஃபா அங்கே வேலை செய்கிறாள்.

ஒரகடத்தில் இருக்கிறது, காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கிற கம்பெனி, விடிகாலை நாலு ஐம்பதுக்கு செவிலிமேட்டில் பஸ் ஏறுகிறாள், நான் நாலு மணிக்கே எழுந்து டிபன் கட்டுகிறேன், போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும் வரை அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. டிப்ளமோ முடித்த கையோடு போனவள், ட்ரெய்னி, மூன்று வருடப் பயிற்சி என்று காகிதம், அடுத்த மாதம் முப்பதாம் தேதியோடு மூன்று வருடம் முடிகிறது. முடிந்தால்? பர்மனென்ட் ஆக்கினால் இருபத்தேழாயிரம், நீலக் கோட், பிஎஃப், எல்லாம். ஆக்காவிட்டால் ஒரு சர்டிபிகேட்டும் குரூப் போட்டோவும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், புது பேட்ச் வந்துவிடும். போன வருடம் நானூறு பேரில் எடுத்தது பதினோரு பேர், மற்றவர்களை அப்படித்தான் அனுப்பினார்கள். ஷிஃபா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே "எடுத்துப்பாங்க அம்மி, என் லைன்ல நான்தான் ஃபாஸ்ட்டு" என்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். கேள்வியைக்கூட அவள்தான் எழுதிக் கொடுத்தாள், போனஸ் ஷேர், அந்த இனாம் பங்கு, எப்போது தருவீர்கள் என்று, அதைக் கேட்டால் போதுமாம், ட்ரெய்னி கீய்னி என்று வாயைத் திறக்கக் கூடாதாம், "உன் பேரு, என் பேரு, காஞ்சிபுரம், எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது அம்மி, ஒரு தட்டு தட்டுனா வெளிய வந்துடும், சத்தியம் பண்ணு" என்றாள். தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது சத்தியம் ஆகுமா?

"பாயம்மா, சேலை போடணும்" என்று இந்த நேரம் பார்த்து தேவகி வந்து நிற்கிறாள், ஐயம்பேட்டைக்காரி, இரண்டு வருடம் முன்னால் ஒரு முறை வந்தவள், கையில் மஞ்சள் பையில் இரண்டு புடவை. வாம்மா உட்காரு, சத்தம் போடாதே, மீட்டிங் நடக்குது என்றேன். அவள் போனை எட்டிப் பார்த்தாள், கட்டம் கட்டமாக முகங்கள். "யாரு இவங்கல்லாம்?" கம்பெனி முதலாளிங்க. "நீ இன்னா பண்ற அதுல?" நானும் முதலாளிதான். தேவகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளுக்கு நான் விளையாடுகிறேன் என்று நினைப்பு. கை தானாக இழையை உருவியது, சுரண்டியது, ஒன்று அசல், அரக்குச் சிவப்பில் ஒரு சாண் பார்டர், இன்னொன்று டூப்பு, வெள்ளி விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் அசல் ஒன்று மட்டுமே நல்ல தொகை வரும், சொன்னேன், அவள் கண் விரிந்தது. பெருமூச்சு விட்டாள். "இத்த அப்டியே நீ சொல்ற ஷேர்ல போட்டுடவா பாயம்மா, உஸ்மான் பாய் சொன்னாரு நீ பெரிய ஆளு ஆயிட்டன்னு." இந்தப் பணம் எதுக்குன்னு வெச்சிருக்க? "வீட்டு அட்வான்ஸு, தை மாசம் குடுக்கணும்." அப்போ தொடவே தொடாதே! தை மாதம் மார்க்கெட் விழுந்து கிடந்தால் வீட்டுக்காரன் காத்திருப்பானா? மிச்சம் பிடிக்கிற பணம் என்று ஒன்று வரும்போது வா, மாதம் ஐநூறில் ஆரம்பிக்கலாம் என்றேன். இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரே குஷி, அந்த சமோசா வகுப்பு மனிதர் பார்த்திருந்தால் கை கொடுத்திருப்பார். ஐந்தாவது ஆளின் ஆடியோ வரவில்லை, சார் அன்மியூட் பண்ணுங்க, சார் கேக்கல, சார்… அவர் வாய் மட்டும் அசைகிறது, நல்லவேளை, இரண்டு நிமிடம் மிச்சம்.

என் கேள்விக் காகிதம் எங்கே? ஆண்டறிக்கைக்குள் வைத்தேன். ஆண்டறிக்கையை ஜெராக்ஸ் கடையில் நூற்று எண்பது பக்கம் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் செய்து வைத்திருக்கிறேன், போட்ட செலவு பங்கு விலையைத் தாண்டிவிட்டது, இவருக்குத் தெரியாது. தலைவர் ஆரம்பத்தில் பேசும்போது படம் படமாகக் காட்டினார், பேச்சு இங்கிலீஷ், ஆனால் எண்ணுக்கு ஏது பாஷை, ஒரு பங்குக்கு லாபத்தில் தருகிற டிவிடெண்ட் போன வருடம் மூன்று ரூபாய், இந்த வருடம் நாலரை ரூபாய்! நான் கடையில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன், பாவம் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் கம்பெனி, என் நாலரை ரூபாய். அடுத்த படத்தில் இன்னோர் எண் வந்தது, பதினாலு, அதற்குப் பக்கத்தில் பதினொன்று, ஒரு அம்புக்குறி கீழே பார்த்து, தலைவர் புன்னகையோடு ட்ரெய்னி, ட்ரெய்னி என்று இரண்டு மூன்று முறை சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இப்போது புரட்டினால்… இதோ, தொண்ணூற்றாறாம் பக்கம். ஊழியர் செலவு. நூறு ரூபாய்க்குச் சரக்கு விற்றால் ஊழியருக்கு முன்பு பதினாலு ரூபாய் போனது, இப்போது பதினோரு ரூபாய் போகிறது. மிச்சம் மூன்று ரூபாய் லாபத்துக்கு வந்துவிட்டது. அது எப்படிக் குறையும்? யாருக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள்? இன்னும் நாலு பக்கம் தள்ளினால் ஒரு பட்டியல், நிரந்தரத் தொழிலாளர் எழுநூற்று நாற்பது, போன வருடம் ஆயிரத்துச் சொச்சம், நிரந்தரம் அல்லாதவர் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒருத்தி என் வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறவள். அட… அந்த நாலரை ரூபாயில் அவள் விரல் இருக்கிறது. நான் அதற்கா கை தட்டினேன்?

உட்கார முடியவில்லை. தேவகி "இன்னாச்சி பாயம்மா" என்கிறாள். கால்குலேட்டரை எடுத்தேன். ட்ரெய்னிக்குப் பதினைந்தாயிரத்து இருநூறு, பர்மனென்ட் என்றால் இருபத்தேழாயிரம், வித்தியாசம் பதினோராயிரத்து எண்ணூறு, பெருக்கல் ஆயிரத்துத் தொள்ளாயிரம், பெருக்கல் பன்னிரண்டு மாதம், அடேங்கப்பா இருபத்தேழு கோடி கிட்ட வருகிறது, இதை மொத்தப் பங்கால் வகுத்தால், பங்கு மொத்தம் பன்னிரண்டு கோடி, அறிக்கையிலேயே போட்டிருக்கிறது, வகுத்தால்… இரண்டு ரூபாய் இருபத்து நாலு பைசா. மறுபடி போட்டேன். அதே. அவ்வளவுதானா? எல்லாப் பெண்களையும் நீலக் கோட்டுக்கு மாற்றினால் என் பங்குக்குக் குறைவது இரண்டேகால் ரூபாய்கூட இல்லை! ஒரு சமோசாவில் பாதி! எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது, பயமா கோபமா ஆசையா என்று தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது, ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாக இருந்தது, நகத்துக்கு அடியில் சிவப்பு நூல் தெரிகிற நிமிடம் வருமே அப்படி. ஏழாவது ஆள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க பஸ் விடுவீர்களா என்று கேட்கிறார். தாராளமாகப் போங்கள் ஐயா, நாலு ஐம்பதுக்கு செவிலிமேட்டுக்கு வந்தீர்கள் என்றால் என் மகள் கூட்டிப் போவாள். எட்டாவது ஆள் வரவே இல்லையாம். ஸ்பீக்கர் நம்பர் நைன், மிசஸ் நசீம் பானு, ஃப்ரம் காஞ்சிபுரம், பேசுறீங்களாம்மா?

என் பெயர். போனுக்குள்ளிருந்து என் பெயரும் என் ஊரும் எல்லோருக்கும் கேட்கும்படி… ஷிஃபா சொன்ன கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது, ஒரு தட்டு தட்டினால் வெளியே வந்துவிடும், காகிதத்தில் போனஸ் ஷேர் என்று அவள் குண்டுக் கையெழுத்து, அதைப் படித்துவிட்டுப் போய்விடலாமே, முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, நல்லபடியாக எடுத்துக்கொண்டால் நான் எதற்குக் குறுக்கே விழ வேண்டும், எடுத்துக்கொள்வார்களா, நானூறில் பதினொன்று… தேவகி விரலை நீட்டி அந்த மைக் படத்தைத் தொட்டுவிட்டாள். "பேசு பாயம்மா, எல்லாரும் பாக்கறாங்க பாரு."

"ஐயா வணக்கம். எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஷேருங்க" என்றேன். யாரோ சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும். "டிவிடெண்டு ஏத்திக் குடுத்தீங்க, சந்தோஷம். நூத்துக்குப் பதினாலு ரூபா சம்பளம் குடுத்துக்கினு இருந்தீங்க, இப்போ பதினொண்ணு. அந்த மூணு ரூபா ட்ரெய்னி புள்ளைங்களோடதுங்க ஐயா. ஆயிரத்தி தொள்ளாயிரம் பேரு, ஒரே லைனு, ஒரே வேலை. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், அத்தினி பேரையும் நீங்க பர்மனென்ட்டு பண்ணா எனக்கு ரெண்டேகா ரூபா கொறையுது. கொறைஞ்சா கொறையட்டும். நான் குடுக்கறேன். என் ரெண்டேகா ரூபாய நீங்க எடுத்துக்கோங்க, அந்தப் புள்ளைங்கள அனுப்பாதீங்க. மூணு வருசம் கத்துக்கினு வந்த கைய அனுப்பிட்டு மறுபடி புதுசா ஆளு எடுத்தா சரக்கு எப்படிங்க நல்லா வரும்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, ஸ்வீட் பாக்ஸ் எனக்கு வேணாம்." முடித்துவிட்டேன்.  மகள் என்ற வார்த்தை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ், வரவே இல்லை. தலைவர் சின்னக் கட்டத்துக்குள் குனிந்து எதையோ எழுதினார். என் கேள்வியை எழுதினார்! தேவகி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தும் பதினொன்றும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. எல்லோருக்கும் சேர்த்து தலைவர் கடைசியில்தான் பதில் சொல்வாராம், எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு பதில், பஸ்ஸுக்கு ஒரு பதில், ஸ்வீட் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு சிரிப்பு, என்னைத் தாண்டிப் போய்விட்டார் போலிருக்கிறதே, ஒற்றைப் பங்குதானே என்று விட்டுவிட்டாரா, போகட்டும், கேட்டதே பெரிது… அப்போது தமிழில் ஆரம்பித்தார். "காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டாங்க. நல்ல கேள்விம்மா. தேர்ந்த கைகள் வெளியே போறது கம்பெனிக்கும் நல்லதில்லைன்னு போன வாரம்தான் போர்டுல பேசினோம். அக்டோபர்லேர்ந்து முதல் கட்டமா அறுநூறு ட்ரெய்னியை நிரந்தரம் பண்றோம். செலவு கொஞ்சம் கூடும், லாபம் கொஞ்சம் குறையும், பங்குதாரர்கள் பொறுத்துக்கணும்." அறுநூறு! நான் கத்தியே விட்டேன், அறுநூறு, பதினொன்று அல்ல, அறுநூறு! தேவகிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவளும் எழுந்து நின்று கை தட்டினாள், கூட்டத்தில் எல்லோர் கையும் கட்டத்துக்குள் அசைந்தது, இவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, மைக் சத்தத்தில் எங்கே கேட்கும், முசரவாக்கம் முழுக்க அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ஷிஃபாவுக்குச் சொல்ல முடியாது, போன் கேட்டில் இருக்கிறது, மூன்று மணி வரை இந்த அறுநூறை நான் ஒருத்தி வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் அறுநூறு, மூன்றில் ஒருத்தி, அவள் லைனில் அவள்தான் ஃபாஸ்ட், லீவு நாலு நாள்தான் போட்டிருக்கிறாள், இருக்கும், அவள் பெயர் இருக்கும், இல்லாமல் எப்படி?

கூட்டம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொண்டது. விரல் பழக்கத்தில் பங்கு விலை காட்டுகிற செயலியைத் திறந்தது, தினம் பார்க்காதே என்று உஸ்மான் பாய்க்கு வகுப்பெடுக்கிற அதே விரல். ஒயர் கம்பெனி. எழுத்து சிவப்பில் இருந்தது. நானூற்றைந்து. ஏழு ரூபாய் இறங்கியிருக்கிறது. "ஐயோ" என்றேன்.

வாய்விட்டுத்தான் சொன்னேன் போலிருக்கிறது, தேவகி "இன்னாச்சி, எதனா போச்சா?" என்று பதறினாள். இல்லம்மா, ஒண்ணும் போவல என்று சொல்லி அவள் புடவைப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன், மஞ்சள் பையில் டூப்புப் புடவையை மடித்து வைத்துக் கொடுத்தேன், மிச்சம் பிடிக்கிற பணம் வந்தால் வா என்று மறுபடியும் சொன்னேன், அவளும் போய்விட்டாள். ஒரு நாள் விலை ஒரு விலையே இல்லை, அது எனக்குத் தெரியும், வேறு எதற்காகவோகூட இறங்கியிருக்கலாம், அதுவும் தெரியும். ஆனால் அந்த ஐயோ எங்கிருந்து வந்தது? இரண்டேகால் ரூபாயை எடுத்துக்கோங்க என்று ஊரறியக் கொடுத்தவள் நான்தானே, கால் மணி நேரம்கூட ஆகவில்லையே… அறுநூறு என்று கேட்டபோது ஷிஃபா முகம் வந்தது. நானூற்றைந்து என்று பார்த்தபோது வரவில்லை. ஒரு நொடிதான். அரை நொடி. அந்த அரை நொடியில் நான் யாருக்கும் அம்மா இல்லை. ஒரே ஒரு பங்கு, ஏழு ரூபாய், இதற்கே எனக்கு இப்படிப் பதறுகிறதே, லட்சம் பங்கு வைத்திருக்கிறவன் இன்று என்ன சொல்லியிருப்பான், நாளைக்கு அந்தத் தலைவருக்குப் போன் போட்டு என்ன கேட்பான், அவர் அப்போது யார் பேச்சைக் கேட்பார்… மூன்று மணிக்கு ஷிஃபா போனைக் கையில் வாங்கியதும் அழைப்பாள், போனஸ் ஷேர் கேட்டியா அம்மி என்பாள். அறுநூறைச் சொல்லுவேன். அவள் பஸ்ஸிலேயே துள்ளுவாள். இதைச் சொல்ல வேண்டுமா, இந்த ஐயோவை?